நீந்தத் தெரியாத நெல் நாடு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒரே மூச்சில் முடிக்கவேண்டிய டிரையத்லான் என்னும் பந்தயப் பித்து, கும்பகோணத்திலும் பாபநாசத்திலும் மன்னார்குடியிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, வீட்டார் விழிப்பதற்குள் வியர்வையோடு திரும்பிவிடுகிற நடுத்தர வயதினர் சிலரையும் பிடித்துக்கொண்டுவிட்டது என்பது இப்போது யாருக்கும் அதிசயமாகத் தோன்றுவதில்லை. ஆனால் காவிரியும் வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் வடவாறும் பாயும் பூமியில் பிறந்த இவர்களிடம், மூன்றில் எது உங்களை அதிகமாக அச்சுறுத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். தயக்கமின்றி நீச்சல் என்கிறார்கள். இந்தப் பதில் என்னை மிகவும் கலவரப்படுத்துகிறது.

எனக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டே இதை விளக்கலாம். பாபநாசம் தாலுக்காவில் குடமுருட்டிக் கரையில் பிறந்தவர், தஞ்சாவூரில் வங்கி உத்தியோகம், வயது 41. அவர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில், பெரியப்பா மகன் ஒருவன் ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் இருப்பதறியாமல் இறங்கி மாண்டுபோனான். அன்று முதல் அவருடைய அம்மா, கொல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் ஓடிய ஆற்றைப் பிள்ளைகளுக்கு விலக்கிவைத்துவிட்டார். அப்படி வளர்ந்த பிள்ளைதான் 38 வயதில் காசு கட்டி, நீச்சல் குளத்தின் மார்பளவுத் தண்ணீரில், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கக் கற்றுக்கொண்டது. இது ஏதோ ஒரு வீட்டின் துர்ப்பாக்கியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். நான் விசாரித்த குடும்பங்களில் ஏறக்குறைய இதே சங்கதிதான், பள்ளம் இருந்த ஆற்றின் பெயர் மட்டும் மாறும்.

சைக்கிளைப் பொறுத்தவரையில் அவருக்குக் குறையொன்றுமில்லை. சமதரையாகக் கிடக்கும் இந்தப் பிரதேசத்தில் வல்லத்து மேட்டை விட்டால் ஏறுவதற்கு ஏதுமில்லை என்றாலும், ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற மேல்காற்று, அம்மியையும் நகர்த்துவதாகப் பெயர் வாங்கிய அதே காற்று, திருச்சி சாலையில் மேற்கு நோக்கி மிதிப்பவனுக்கு மலையேறிய பலன் முழுவதையும் அளித்துவிடுகிறது. புரட்டாசி பிறந்து குறுவை அறுப்பு ஆரம்பித்துவிட்டால் மட்டும் சங்கடம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்பட்டால் கொள்முதல் நிலையத்தில் கழித்துவிடுவார்கள் என்ற பயத்தில், களமில்லாத குடியானவர்கள் தார்ச்சாலையில் ஒரு பாதியை நெல்லுக்கு விட்டுவிடுகிறார்கள். நெல்லின்மேல் கால் படுவதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் நண்பர், பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பந்தய சைக்கிளை அங்கெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். அறுவடை இயந்திரம் உதறிவிட்டுப் போன வைக்கோல் பின்சக்கரத்துப் பற்களுக்கிடையே சுருண்டு ஏறிச் சங்கிலியைக் கழற்றிவிடும். சாலையோரத்தில் குந்தி, அதற்கென்றே வீட்டிலிருந்து கொண்டுவருகிற முள்வாங்கியால் அவர் தாள் தாளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், “சாக்கு கெடக்கு, விரிச்சுப் போட்டு உக்காருங்க தம்பி” என்று உபசரித்ததை இன்றும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். ஓட்டத்தைப் பற்றி விசேஷமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வெயில் ஏறுமுன் ஓடவேண்டும், உப்புப் போட்ட நீராகாரம் குடிக்கவேண்டும், முழங்கால் வலித்தால் நிறுத்தவேண்டும்.

இவ்வளவு ஆயத்தங்களோடும் அவர் போய் நின்ற இடம் கோவாவின் மிராமர் கடற்கரை. அயர்ன்மேன் என்ற பெயரில் நம் தேசத்தில் நடைபெறும் பந்தயம் 2019 அக்டோபரில் அங்கேதான் முதன்முதலாக ஆரம்பமாயிற்று, கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலுக்கு வழக்கமாகத் தரப்படும் அவகாசம் 1 மணி 10 நிமிஷம். நீச்சல் குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்தே நேராகச் செல்லப் பழகியவருக்குக் கலங்கிய கடலில் அடியும் தெரியவில்லை, அலை தூக்கும்போது தவிர மிதவையும் தெரியவில்லை. யாருடைய முழங்கையோ மூக்கில் பட்டது. இரண்டாவது மிதவைக்கு அருகில் மூச்சு முட்டி, காவலுக்கு வந்த சிறு படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் கிடந்தார். கரையேறியபோது 1 மணி 16 நிமிஷம் ஆகியிருந்தது. கணுக்காலில் கட்டியிருந்த நேரப் பட்டையை ஒரு வாலிபர் மிகுந்த மரியாதையுடன் கழற்றி வாங்கிக்கொண்டார். ஆடிக் காற்றில் ஆறு மாதம் தயார்செய்த சைக்கிளை, அன்று ஒரு மிதி மிதிக்காமலே ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மறுவருஷம் ஆவணியில், துணைக்கு ஒருவரைக் கரையில் நிறுத்திக்கொண்டு, திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையை ஒட்டி ஆற்று ஓட்டத்தில் நீந்திப் பழக ஆரம்பித்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, ரப்பர் குல்லாய் போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடி அவர் கரையோரமாகப் போவதையும் வருவதையும் வேஷ்டி துவைத்துக்கொண்டே கவனித்த முதியவர் ஒருவர், கடைசியில் பொறுக்கமாட்டாமல், “ஏன் தம்பி, ஏதாச்சும் விழுந்துடுச்சா? மோதிரமா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. துவைத்த வேஷ்டியைப் படியில் வைத்துவிட்டு இறங்கி, ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்வாக நீந்தி எதிர்க்கரை தொட்டு, மல்லாந்து நீந்தித் திரும்பினார். எழுபதைத் தாண்டியவர். சிறுவயதில் காய்ந்த சுரைக்குடுவையை இடுப்பில் கட்டி அவருடைய தகப்பனார் தள்ளிவிட்டாராம். “எங்க காலத்துல யாரு தம்பி சொல்லிக்குடுத்தா? தள்ளிவிட்டாங்க, வந்துடுச்சு. எம் பேரன் இன்ஜினீயருக்குப் படிக்கிறான், தண்ணியப் பாத்தா மூணு படிக்கு மேல எறங்கமாட்டான்” என்றார்.

நண்பர் அவ்வருஷம் கடலை 1 மணி 2 நிமிஷத்தில் கடந்து, எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பந்தயத்தைப் பூர்த்திசெய்து, பதக்கத்தோடு வந்தார். அதற்கடுத்த வருஷம் தோள்பட்டை வலி. ஐப்பசி மழையில் ஆறு புரண்டதால் பயிற்சி நின்றது. மறுபடியும் அவரைக் கைவிட்டது நீச்சல்தான். பத்திரிகைக்கு என்னிடம் எழுதக் கேட்கப்பட்டது இந்தப் பந்தயக்காரர்களின் ஜயாபஜயங்களைப் பற்றி. வாசகர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு அந்த முதியவரின் பேரன்தான் நினைவை விட்டு அகலவில்லை.

பந்தயத்தின் ஆபத்தும் தண்ணீரில்தான் இருக்கிறது. அமெரிக்க நாட்டு டிரையத்லான் பந்தயங்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று பிழைத்தவர்களையும் ஆராய்ந்த மருத்துவர்கள் கண்ட மொத்த எண்ணிக்கை 135. அதில் 90 நீச்சல் கட்டத்தில் நிகழ்ந்தவை. மாண்டவர்களில் கணிசமானோருக்கு இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் தண்ணீரில் மூர்ச்சித்தவனைத் தரையில் மூர்ச்சித்தவனைப் போல உடனே எடுத்து நிறுத்த முடிவதில்லை. இதற்கு மறுதலையான உதாரணம் மிலிந்த் சோமன். ஐம்பதை நெருங்கிய பிராயத்தில், 2015-இல், சூரிச் நகரத்தில் 3.8 கிலோமீட்டர் நீச்சலும் 180 கிலோமீட்டர் சைக்கிளும் முழு மாரத்தானும் கொண்ட பெரிய அயர்ன்மேனை அவர் பதினைந்தரை மணி நேரத்துக்குள் முடித்தபோது எல்லோரும் அவருடைய வயதைத்தான் வியந்தார்கள். இளமையில் அவர் தேசிய அளவில் நீச்சல் சாம்பியனாக விளங்கியவர் என்பதைச் சிலரே நினைவுகூர்ந்தார்கள். 2009-இல் கனடாவின் அல்ட்ராமேன் பந்தயத்தில் மூன்று நாட்களில் 10 கிலோமீட்டர் நீந்தி, 420 கிலோமீட்டர் மிதித்து, 84 கிலோமீட்டர் ஓடிய அனு வைத்யநாதனாலும், தண்ணீரிலிருந்து கரையேறிய பிறகுதான் சைக்கிளைத் தொட முடிந்தது.

தூரதேசம் எதற்கு? 1954-இல் வடயாழ்ப்பாணத்துக் கரையில் இறங்கிய நவரத்தினசாமி என்பவர், ஏறக்குறைய 27 மணி நேரம் பாக்கு நீரிணையில் நீந்திக் கரையேறிய இடம், அக்காலத்துத் தஞ்சை ஜில்லாவின் கோடியக்கரை. பின்னர் 1971-இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைக் கோடியக்கரை வரை நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தி, 51 மணி நேரத்தில் ஊர் சேர்ந்தார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். அக்கரையிலிருந்து நீந்தி வந்தவர்களின் பெயர் சொல்லக்கூடிய நாம், இக்கரையிலிருந்து புறப்பட்ட தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லத் திணறுகிறோம்.

இந்த நிலை எப்படி வந்தது? ஆற்று நீச்சலுக்கு ஆண்டுதோறும் ஒரு காலம் உண்டு. அதை நிர்ணயிப்பது மேட்டூர். 1934-இல் அணை கட்டி முடிந்தது முதல், ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது சம்பிரதாயமாக இருந்துவந்தது. ஜூனில் திறந்தால் கல்லணை வழியாகப் பிரிந்த தண்ணீர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் பாதி நாளாவது கிடைக்கும். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2022-இல் மே 24-லேயே திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. எட்டு வருஷம் என்பது ஒரு குழந்தை பிறந்து நீச்சல் பழகவேண்டிய வயதை எட்டுகிற காலம். தண்ணீர் வருகிற வருஷத்திலும், மணல் வாரிய மடு எங்கே இருக்கிறது என்று ஊராருக்கே தெரியாது. கான்கிரீட் பூசிய வாய்க்காலில் இறங்கினால் பிடித்து ஏறுவதற்குப் புல்லும் இல்லை, வேரும் இல்லை. கோயில் குளங்களில் பலவற்றைப் பாசியும் ஆகாயத்தாமரையும் மூடிக்கிடக்கின்றன. தாய்மார்கள் பயப்படுவது நியாயமே. ஆயினும், பயந்து விலக்கிய பிள்ளைதான் பெரியவனாகி, ஆடிப் பெருக்கன்று சிநேகிதர்களோடு கொள்ளிடத்தில் இறங்குகிறான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-இல் நீரில் மூழ்கி மாண்டவர்கள் உலகமெங்கும் சுமார் 3 லட்சம் பேர். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் நீரில் தற்காத்துக்கொள்ளும் முறையும் கற்பிக்கவேண்டும் என்பது அந்த ஸ்தாபனமே கூறும் பரிகாரங்களில் ஒன்று. ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் வகுத்தது. நம் ஆடிப் பெருக்குக்கு ஏறக்குறைய ஒரு வாரமே இருக்கும் தேதி அது.

விதை நெல்லுக்கும் உரத்துக்கும் அல்லாடுகிற ஜில்லாவில் இந்தப் பணக்காரப் பொழுதுபோக்குப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பந்தய சைக்கிளைப் பற்றி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். சுரைக்குடுவைக்குப் பணம் வேண்டியதில்லை.

ஆகவே ஊராட்சித் தலைவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். அடுத்த முறை தண்ணீர் கடைமடை வந்து சேருமுன், ஊருக்கு ஒரு குளத்தைத் தூர்வாரி, ஆழம் அளந்து கயிறு கட்டுங்கள்; நீந்தத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் உயிரோடிருக்கிறார்கள், அவர்களில் இருவரைக் கரையில் நிறுத்துங்கள்; ஐந்தாம் வகுப்புக்குள் ஆணும் பெண்ணுமாக எல்லாப் பிள்ளைகளும் அக்கரை தொட்டுத் திரும்பக் கற்கட்டும். உங்கள் வீட்டில் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை இருந்தால், ஊராட்சிக்காகக் காத்திராமல் இந்தப் பருவத்திலேயே நீங்களே தொடங்கிவிடுங்கள்.