விழிஞ்ஞம் அலையாற்றல் மின்நிலையம்

விழிஞ்ஞம் அலையாற்றல் மின்நிலையம் என்பது கேரளத்தின் திருவனந்தபுரத்திற்கு அருகே, கடல் அலையிலிருந்து மின்சாரம் பெறும் வழியை ஆராய அமைக்கப்பட்ட சோதனை நிலையம் ஆகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய இந்நிலையம் 1991ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் பின்னர் இதில் ஆய்வுகளைத் தொடர்ந்தது. (2018 வரை பள்ளிக்கரணை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.) நிலையம் தற்போது இயங்கவில்லை.

இயங்குமுறை

கடலில் நிறுத்தப்பட்ட கற்காரை அறையினுள் அலை ஏறி இறங்கும்போது, நீருக்கு மேலுள்ள காற்று வெளித்தள்ளப்பட்டும் உள்ளிழுக்கப்பட்டும் வெல்ஸ் சுழலியை இயக்கும். காற்று எத்திசையில் வீசினாலும் இச்சுழலி ஒரே திசையில் சுழலும். ஆனால் காற்றின் வேகம் அளவுமீறினால் சுழல்விசை சட்டெனக் குறைந்துவிடும்.

கட்டுப்பாடு

முதலில் 150 கிலோவாட் திறனுள்ள தூண்டல் மின்னாக்கி பொருத்தப்பட்டது. ஒவ்வோர் அலைக்கும் இருமுறை காற்றோட்டம் நின்று மீள்கிறது. அலை தணிந்திருக்கையில், மின்வலையுடன் இணைந்துள்ள தூண்டல் மின்னாக்கி மோட்டாராக மாறி வலையிலிருந்தே மின்சாரத்தை எடுக்கும். மின்நிலையமே மின்நுகர்வோர் ஆகிவிடும்! எனவே எப்போது இணைப்பது, எவ்வேகத்தில் சுழலவிடுவது என்பன சுழலியின் வடிவத்தைப் போன்றே முக்கியமானவை.

ஆய்வகச் சோதனை

இத்தகைய கருவிகளின் சிறு மாதிரிகள் முதலில் அலைத்தொட்டியில் சோதிக்கப்படுகின்றன. 25இல் ஒரு பங்கு மாதிரியில் 10 நொடி அலை 2 நொடி அலையாகும். திறனோ ஏறத்தாழ 78,000 மடங்கு குறையும். அதாவது 150 கிலோவாட் 2 வாட்டாகச் சுருங்கும். அதனை உராய்வே விழுங்கிவிடும் என்பதால், சுழலிக்குப் பதிலாகத் துளையிட்ட தகட்டைப் பொருத்துவது வழக்கம். முழு அளவு அறையில் காற்று அமுங்கி விரிவதும் சிறு மாதிரியில் சரியாக வெளிப்படாது. இதனால் சுழலி, மின்னாக்கி, கட்டுப்பாடு மூன்றையும் ஒருசேரச் சோதிக்கக் கடலிலேயே நிலையம் தேவைப்பட்டது.