வலியைக் குறைக்க ஊசி போடுவது எதற்கு?



சென்ற மாதக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு உறுப்பினர் என்னிடம் தனியாகப் பேசினார். "மகளுக்கு மாசம் நிறைஞ்சு நல்லா வலி வந்துட்டு இருந்துச்சு. திடீர்னு நர்ஸம்மா டிரிப்ஸை நிறுத்திட்டு, வலி குறைய ஊசி போட்டாங்க. ஆபரேஷன் பண்ணத்தான் இப்படிச் செய்யறாங்கன்னு சம்பந்தியம்மா ஒரே சண்டை. வேற ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவே கூப்பிட்டாச்சு" என்றார். வலி வரத்தானே ஊசி போடுவார்கள், வலியைக் குறைக்க யாராவது போடுவார்களா என்று அங்கிருந்த பலரும் கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவ வலி என்பது கர்ப்பப்பை இறுகுவது. இறுகும்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும், வலி விட்டதும் மறுபடி பாயும். கிணற்றில் முங்கு நீச்சல் போடுகிறவர் மேலே வந்து மூச்சு வாங்குகிற மாதிரி, அந்த இடைவெளியில்தான் குழந்தைக்குப் பிராணவாயு கிடைக்கிறது. 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் தொடர்ந்து வந்தாலோ, ஒரே வலி 2 நிமிடத்துக்கு மேல் விடாமல் பிடித்தாலோ குழந்தைக்கு மூச்சு வாங்க நேரமில்லை. நெஞ்சுத் துடிப்பு இறங்க ஆரம்பிக்கும். வலி வரவைக்கும் மருந்து அதிகமானால் இப்படி ஆகலாம். சிலருக்குத் தானாகவும் ஆகும்.

அப்போது முதலில் டிரிப்ஸை நிறுத்துவார்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால்தான் டெர்பூட்டலின் போன்ற மருந்தை, கால் மில்லிகிராம் அளவில், தோலுக்கு அடியில் போடுவார்கள். இது ஆஸ்துமாவுக்கு உள்ள மருந்துதான். மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிற மாதிரியே கர்ப்பப்பைத் தசையையும் தளர்த்துகிறது. தாய்க்குப் படபடப்பு, கை நடுக்கம் வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். இருதய நோய், சர்க்கரை, தைராய்டு இருந்தால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

பிரசவத்தை நாளைக்குத் தள்ளிப்போட இந்த ஊசி இல்லை. குழந்தை மூச்சு வாங்கவும், தேவைப்பட்டால் ஆபரேஷனுக்குத் தயாராகவும் சில நிமிட அவகாசம், அவ்வளவுதான். (குறை மாதத்தில் வலி வந்தால் நிறுத்தப் பார்ப்பது வேறு விஷயம். குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போட்டு, அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் தேவைப்படும்.) அந்த நேரத்தில் ஆட்டோவில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. வீட்டுக்கே ஆளை வரவழைத்து வலி ஊசி போடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உள்ளது. மாட்டுக்குப் பால் இறங்கப் போடுவார்களே, அதே ஆக்ஸிடோசின்தான் இது. டிரிப்ஸில் போனால் மூடிய சில நிமிடங்களில் வேகம் குறையும். சதையில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஏற்கனவே ஆபரேஷன் ஆன வயிறு என்றால் பழைய தையல் இடத்தில் கர்ப்பப்பையே கிழியலாம். ஆனால் குழந்தை பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் இதே மருந்தை 10 யூனிட் போடுவது ரத்தப்போக்கைத் தடுக்க. அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

துணைக்குப் போகிறவர் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள். வயிற்றில் கை வைத்து 10 நிமிடத்தில் எத்தனை வலி என்று எண்ணுங்கள். வலிக்கு நடுவில் வயிறு இளகாமல் கல்லு மாதிரியே இருந்தாலோ, பனிக்குட நீர் பச்சையாக வந்தாலோ, ரத்தம் போனாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "இப்ப என்ன ஊசி போடறீங்க, எதுக்கு?" என்று மரியாதையாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்த உறுப்பினரின் மகள் ஆட்டோவில் ஏறவில்லை. வயதான ஆயாம்மா ஒருவர் சம்பந்தியம்மாவை உட்கார வைத்து விளக்கினாராம். துடிப்பு சரியாகி, அன்று சாயங்காலமே சுகப்பிரசவம், பெண் குழந்தை. சம்பந்தியம்மாவுக்கு மட்டும் ஊசி மேல் இன்னும் கோபம்தான்.