இருட்டில் மரம் தின்னும் உயிர்

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த என் தந்தை, மர முட்டுக்கட்டையைத் தட்டிப் பார்த்து, ஓசை சரியாக இருந்தால்தான் அதனடியில் உட்காருவார். (அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.) அவர் அஞ்சியது பூஞ்சைக்கு. அது தாவரமல்ல, பச்சையம் கிடையாது. வெயில் வேண்டாம், ஈரமும் காற்றும் போதும். காளான் அதன் கனி போன்றது; உடல் என்பது கட்டைக்குள் பரவும் மெல்லிய இழைகளே. அவை நொதிகளைச் சுரந்து, மரத்தைக் கரைத்து உறிஞ்சும். வெளியே கட்டை முழுசாய்த் தெரியும், உள்ளே பொக்கு!

ரயில்வேயில் நாங்கள் ஸ்லீப்பர் கட்டைகளுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஊட்டி இதைத் தடுத்தோம். அந்த வாடை சாப்பிடும்போதும் கையை விட்டுப் போகாது. காட்டில் தடுப்பாரில்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைப்பதில் வெண்ணழுகல் பூஞ்சைகளுக்கு இணையில்லை. விழுந்த மரத்தின் சத்து அப்படித்தான் மண்ணுக்குத் திரும்புகிறது.