எந்த உலாவிக்கு இடமளிப்பது?

திற்பரப்பு அருவிக்கு வருவோர் அனைவரும் ஒரே ஊர்தியில் வருவதில்லை. பேருந்தில் வருவோரும் உண்டு. காரில் வருவோரும் உண்டு. அருவியோ யாவர்க்கும் ஒன்றே. இணையதளமும் அத்தகையதே. அதனைக் காண உதவும் மென்பொருளை உலாவி என்கிறோம். பிறருக்காகத் தளம் அமைப்போர் எவ்வெவ்வுலாவிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. தொண்ணூறுகளில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தன. அதனைத் தம் கணினியில் நிறுவாதார்க்குப் பொருளற்ற குறிகளே தோன்றின. பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்திறங்கும் வசதியை 1997-இல் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அளித்தன. ஆயினும் ஒன்றின் கோப்பு வடிவத்தை மற்றொன்று ஏற்கவில்லை. இரண்டையும் செய்யாத தளம் ஒரு சாராரை இழந்தது. ஒருங்குறி பரவிய பின்னரே இத்துயர் பெரிதும் தணிந்தது. நெட்ஸ்கேப்புக்கான ஆதரவு 2008-இலும், எக்ஸ்புளோரர் 11-க்கான பொது ஆதரவு 2022-இலும் முடிந்தன. ஓர் உலாவியையே நம்பித் தளம் அமைத்தல் மணல்மேல் வீடு கட்டுதலை ஒக்கும்.

இன்று உலாவிகளின் பெயர்கள் பலவாயினும் அவற்றை இயக்கும் பொறிகள் சிலவே. குரோம், எட்ஜ், ஓபரா ஆகியன பிளிங்க் என்னும் பொறியாலும், ஃபயர்பாக்ஸ் கெக்கோவாலும், சஃபாரி வெப்கிட்டாலும் இயங்குவன. இம்மூன்றிலும் சோதித்தல் முதற்கடமை. எத்துணைப் பழைய பதிப்புவரை செல்வது என்பதைத் தளத்தின் வருகைப் பதிவேடு ஓரளவு காட்டும். எனினும், பக்கம் திறவாமையால் மீண்டும் வாராதார் அப்பதிவேட்டில் குறைந்தே காணப்படுவர் என்பதை மறத்தலாகாது.

நாம் அறிந்த ஒரு தந்தையார், தம் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தைப் பழைய கைப்பேசியில் நிரப்பினார். படிவம் முழுவதும் தோன்றியது. அனுப்பும் பொத்தான் மட்டும் தோன்றவில்லை. அன்றே இறுதி நாள். அண்டை வீட்டாரின் கைப்பேசி கிடைத்திராவிடில் ஓராண்டு உதவி கைநழுவியிருக்கும்.

ஆகவே நாம் கொள்ளத்தக்க நெறி இதுவே: செய்தியும் படிவமும் எந்த உலாவியிலும் இயங்குதல் வேண்டும், அசைவும் அலங்காரமும் புதிய உலாவிகளில் மட்டும் மிளிரலாம். எவற்றில் சோதிப்பது, அதற்கு ஆகும் செலவு என்ன என்பவற்றை வாடிக்கையாளருடன் முன்னரே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளல் நன்று. தளம் அமைக்கப் புகும் நம் மாணாக்கர், தம் புதிய கணினியில் அழகாகத் தோன்றியதும் பணி முடிந்ததெனக் கருதாது, இல்லத்தில் உள்ள பழைய கைப்பேசியிலும் ஒருமுறை திறந்து பார்ப்பாராக.