பட்டை உரிக்கும் தைல மரமும் நம் வீட்டுத் தைலக் குப்பியும்

உதகையிலும் குன்னூரிலும் தேயிலைத் தோட்டங்களின் ஓரமாக வானளாவ நிற்கும் தைல மரங்களை அறியாதவர் இலர். கற்பூர மரம் என்றும் யூகலிப்டஸ் என்றும் இதனை அழைப்பர். இம்மரத்தின் பட்டை நீண்ட நாடாக்களாக உரிந்து தொங்கும். உரிந்த இடத்தில் வெண்மை, சாம்பல், இளம்பச்சை, நீலச்சாயல் எனப் பல நிறங்கள் தோன்றும்.

இது நோயன்று, மரத்தின் இயல்பான வளர்ச்சியே. தண்டு பருக்கும்போது, உயிரற்ற வெளிப்பட்டை அதனுடன் விரிந்து கொடுக்க இயலாமல் வெடித்துக் கழன்று விழுகிறது. உள்ளிருந்து புதுப்பட்டை வெளிப்படுகிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நியூகினி ஆகிய வெப்பமண்டலப் பகுதிகளில் வளரும் இதன் உறவினமான வானவில் யூகலிப்டஸில் புதுப்பட்டை முதலில் பச்சையாக இருந்து, பின்னர் நீலம், ஊதா, செம்மஞ்சள், செம்பழுப்பு என மாறும்.

நீலகிரியில் காணும் மரம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதிக்கும் தாஸ்மேனியாத் தீவுக்கும் உரியது. 1843ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இதனை இங்குக் கொண்டுவந்தனர். குளிர்மிகுந்த மலையில் விறகுத் தேவை பெருகியதால், விரைந்து வளரும் இம்மரம் பெருமளவில் நடப்பட்டது. சோலைக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் உரிய நிலம் அதனால் சுருங்கியது என்பதும் மறுக்க முடியாத உண்மை.

இதன் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். இலைகளைப் பெரிய கொப்பரையில் அடைத்துக் காய்ச்சி, எழும் ஆவியைக் குழாய் வழியே குளிர்வித்தால், நீரின் மேல் தைலம் மிதக்கும். நூறு கிலோ இலையிலிருந்து ஒன்றிரண்டு கிலோ தைலமே கிடைக்கும். அவ்வளவு செறிவுடைய பொருள் அது. அதன் முதன்மைக் கூறு சினியோல். மூக்கடைப்பின்போது சுவாசம் எளிதானது போன்ற உணர்வைத் தருவது அதுவே.

செறிவு மிகுந்த காரணத்தாலேயே இத்தைலத்தைக் கவனத்துடன் கையாள வேண்டும். மருந்துக் கடையில் எளிதில் கிடைப்பதால் தீங்கற்றது என்று எண்ணலாகாது. சிறு குழந்தை ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலும் மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை விரைவில் ஏற்படலாம். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். 108 என்ற எண்ணை அழைத்து அவசர ஊர்தியின் உதவியையும் பெறலாம்.

கைக்குழந்தைகளின் மூக்கிலோ முகத்திலோ தைலம் தடவாதீர்கள். பெரியவர்களும் நேரடியாகப் பூசாமல், தேங்காயெண்ணெய் போன்றவற்றில் சில துளிகள் கலந்து பயன்படுத்துவதே நன்று. புண்ணிலும் கண்ணருகிலும் படலாகாது. ஆஸ்துமா உள்ளோர்க்கு இதன் நெடி இழைப்பைத் தூண்டக்கூடும். வலிப்பு நோய் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இதனை முகரவோ பூசவோ வேண்டா.

ஆவி பிடிக்கும்போது கொதிநீர் கவிழ்ந்து தீப்புண் அடைவோர் உண்டு; அவர்களுள் குழந்தைகளும் அடங்குவர். எனவே, குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். சளியோடு காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் தைலத்தை நம்பிக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காணுங்கள்.

தைலக் குப்பி இப்போது உங்கள் வீட்டில் எங்குள்ளது? தலையணையருகிலோ சாளரத்திலோ இருந்தால், இன்றே அதனை இறுக மூடி, குழந்தைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இருமல் மருந்துக் குப்பிகளுடன் சேர்த்து வைக்காதீர்கள். அரைத்தூக்கத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துக் கொடுத்துவிட நேரலாம்.