மூன்று எழுத்துக்குள் எத்தனை சொற்கள்?

காளஹஸ்தி: சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் சிவபெருமானைப் பூஜித்து முக்தியடைந்த தலம் இது. அம்மூன்றையும் குறிக்கும் ஸ்ரீ, காளம், ஹஸ்தி என்ற சொற்கள் சேர்ந்தே ஊருக்குப் பெயர் வந்ததாக ஸ்தல புராணம் கூறும். ரெயில்வேக்காரர்களாகிய எங்களுக்கோ இவ்வூர் வெறும் மூன்று எழுத்துத்தான். கூடூர் - ரேணிகுண்டா பாதையிலுள்ள இந்த ஸ்டேஷனின் சங்கேதக் குறி கே, எச், டி. டிக்கெட் என்ற சொல்லின் முதலில் வரும் டி அது.

இந்த மூன்று எழுத்தும் வருகிற இங்கிலீஷ் சொற்கள் எத்தனை என்று வாசகர்கள் யோசித்ததுண்டா? எங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் சில மாதங்களாக இந்த ஆராய்ச்சிதான் நடக்கிறது. ஆரம்பித்து வைத்தவன், வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு சுமைத் தொழிலாளியின் மகன். இங்கே தெலுங்கு மீடியத்தில் இண்டர் முடித்தவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, தேர்வில் இங்கிலீஷ் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்பவன்.

"மாமா, போன தடவை ரெண்டே மார்க்கில் போய்விட்டது. ஒரு சொல்லைக் கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்களால் எதை எழுத முடியாது என்று கேட்கிறார்கள். அங்கேதான் சறுக்கினேன்" என்றான் ஒரு நாள் மாலை.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் இவ்வகைக் கேள்வி வருவதுண்டு. உதாரணத்துக்கு, எதிரே தொங்கிய பலகையிலிருந்த ஸ்டேஷன் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டோம். அதிலிருந்து டோஸ்ட், செயின்ட், நேஷன் ஆகிய மூன்றில் எதை எழுத முடியாது? நேஷன் என்ற ஓசை ஸ்டேஷனுக்குள்ளேயே இருப்பதுபோல் காதில் விழும். ஆனால் நேஷனுக்கு 'என்' இரண்டு வேண்டும். ஸ்டேஷனில் இருப்பதோ ஒன்றுதான். டோஸ்டுக்கு வேண்டிய இரண்டு டி-யும் ஸ்டேஷனில் உள்ளன. ஆகவே எழுத முடியாதது நேஷன். மெட்ரிக் படித்த நானும் இதில் முதலில் ஏமாந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

காதால் தேடாமல் கண்ணால் தேடவேண்டும் என்பதே இதில் முதல் பாடம். இங்கிலீஷில் எழுத்து ஒரு வழி, ஓசை ஒரு வழி. கே, எச், டி மூன்றும் இதே வரிசையில் வரும் சொல் ஒன்று உண்டு: குதிரை வீரனைக் குறிக்கும் நைட். அதில் கே-யும் ஒலிக்காது, எச்-சும் ஒலிக்காது. வரிசை மாறினால் பரவாயில்லை என்றால் திங்க், தேங்க், திக், கிச்சன், எர்த்க்வேக் என்று பட்டியல் நீளும். நட்பும் சுற்றமும் என்னும் பொருளில் வரும் கித் என்ற சிறு சொல்லும் இதில் அடக்கம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஏற்ற சொல்!

இரண்டாவது பாடம், எழுத்துக்களைக் கணக்கிடுவது. கொடுத்த சொல்லில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரவேண்டும். மூன்றாவது, டி-யும் எச்-சும், சி-யும் கே-யும் போலச் சேர்ந்தே திரியும் ஜோடிகளைத் தேடுவது. நான்காவது, ஏ, இ, ஐ, ஓ, யு ஆகிய உயிரெழுத்துக்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றைச் சுற்றி மற்றவற்றை அமைத்துப் பார்ப்பது.

எழுத்தை எண்ணுவது புதிய வித்தையல்ல. மோர்ஸ் தந்தி முறையை வகுத்தவர்கள், அச்சுக்கூடத்தில் எந்த எழுத்து எவ்வளவு இருக்கிறதென்று பார்த்து, அதிகம் பயன்படும் இ-க்கு ஒரே ஒரு புள்ளியைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வேலையிழந்த கட்டிடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், பத்திரிகையில் வரும் எழுத்துக்களை எண்ணித்தான், பின்னாளில் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்ற விளையாட்டை 1930-களில் உருவாக்கினார். அதில் கே-க்கு 5, எச்-சுக்கு 4, டி-க்கு 1. நம் காளஹஸ்திக்குக் கணக்காகப் பத்துப் புள்ளிகள்! நம் புலவர்களோ இதற்கு வெகு காலம் முன்பே, ஒரு சொல்லின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக நீக்கி வேறு வேறு பொருள் வரச்செய்யும் அக்கரச்சுதகம் என்ற சித்திரகவியைக் கையாண்டவர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் நம் நாட்டில் சொற்போட்டி என்ற பெயரில் நுழைவுக் கட்டணம் வாங்கி, பெரும் பரிசு காட்டும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. அதைக் கட்டுப்படுத்த 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு அது தடை விதித்தது. பெரிதும் திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது, சூதாட்டத் தன்மையுள்ளவற்றுக்கே பொருந்தும் என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. எனவே அன்பர்கள் இந்த விளையாட்டில் மூளையைச் செலவிடலாம்; சம்பளத்தைச் செலவிட வேண்டாம்.

எங்கள் பெஞ்சில் நுழைவுக் கட்டணம் கிடையாது. பழைய சார்ட்டின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். இப்போது அந்தப் பையனுடன் மேலும் நான்கைந்து பிள்ளைகள் வருகிறார்கள். சுமை இறக்கி முடித்த அவன் தகப்பனாரும் துண்டை உதறிக்கொண்டு வந்து ஓரமாக உட்காருகிறார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனாலும் பார்சல்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய அந்த மூன்று எழுத்தை மட்டும் எங்கே கண்டாலும் விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்.

அடுத்த மாதம் மகனுக்குத் தேர்வு. "இந்தத் தடவை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுவேன், மாமா" என்கிறான். இரண்டு மார்க்குதானே, எட்டிவிடும் தூரந்தான்.