கோடிகளில் விலையான அஞ்சல் தலைகள்

1923-ஆம் ஆண்டில் ஜெர்மனி வெளியிட்ட அஞ்சல் தலை ஒன்றின் விலை 5,000 கோடி மார்க். அச்சுப் பிழை அன்று. அதுவே அதன் உண்மையான விலை! இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஜெர்மன் தலைகளைச் சேர்ப்பவரின் ஆல்பத்தில் ஒரு நாட்டின் பணம் செத்த கதையே அடங்கியிருக்கிறது.

முதல் உலகப் போரின் செலவை ஜெர்மானிய அரசு பெரும்பாலும் கடன் வாங்கியே சமாளித்தது. தோல்விக்குப் பின் இழப்பீட்டுச் சுமையும் சேர்ந்தது. 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் பகுதியைக் கைப்பற்றின. அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்கு அரசு நோட்டை அச்சடித்தே கூலி கொடுத்தது. விலைகள் தறிகெட்டு ஓடின.

அந்த ஓட்டத்தை உள்நாட்டுக் கடிதக் கட்டணத்தைக் கொண்டு அளந்து பார்ப்போம். போருக்கு முன் அது 10 பென்னிக், அதாவது பத்தில் ஒரு மார்க். 1922 ஜனவரி முதல் நாள் 2 மார்க்; ஓராண்டு கழித்து 25 மார்க்; 1923 ஆகஸ்டு முதல் நாள் 1,000 மார்க்; டிசம்பர் முதல் நாள் 10,000 கோடி மார்க்!

இப்போது சற்றுக் கணக்குப் போடுவோம். கட்டணம் இரட்டிப்பாக 1922-இல் சராசரியாக 100 நாள் ஆயிற்று. 1923-இன் முதல் ஏழு மாதங்களில் 40 நாள். கடைசி நான்கு மாதங்களிலோ நாலரை நாள்தான். கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் மாறுவதில்லை என்று படித்திருப்பீர்கள். இங்கே இரட்டிப்புக் காலமே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஆகையால் மடக்கைத் தாளில் வரைந்தாலும் இது நேர்கோடாக அமையாது, மேல்நோக்கி வளையும். மாணவர்கள் வரைந்து பார்க்கலாம்.

போருக்கு முன் ஒருவர் 10,000 மார்க் சேமித்திருந்தார் எனக் கொள்வோம். அன்று அதைக் கொண்டு ஒரு லட்சம் கடிதங்கள் அனுப்பலாம். 1923 டிசம்பரில், அவரைப் போன்ற ஒரு கோடிப் பேர் தத்தம் சேமிப்பைத் திரட்டினால் ஒரே ஒரு கடிதம் அனுப்பலாம்.

புதுத் தலை அச்சிட நேரம் போதவில்லை. பழைய தலைகளின் மீதே ஆயிரம், மில்லியன், மில்லியார்டு (நூறு கோடி) என்று மேலச்சிட்டார்கள். நவம்பர் 26 முதல் 30 வரை மட்டும் விந்தையான ஓர் ஏற்பாடு: ஒவ்வொரு தலையும் அச்சிட்ட விலையைப் போல் நான்கு மடங்குக்குச் செல்லும். அந்த ஐந்து நாள்களில் 2,000 கோடி மார்க் தலை ஒட்டிய கடிதத்தைக் கண்டால், கட்டணம் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 8,000 கோடி என்ற கட்டணம் சரியாகவே செலுத்தப்பட்டிருக்கிறது.

1923 நவம்பர் 15-இல் ரென்டன்மார்க் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். வகுத்துப் பாருங்கள்: டிசம்பர் மாதக் கட்டணம் மீண்டும் அதே 10 பென்னிக்!

சேர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. பொதுவாகப் புதுத் தலைக்குத்தான் மதிப்பு என்போம். இங்கே பல தலைகளின் நிலை நேர்மாறு. சில நாள்களே பயன்பட்டு, ஏராளமாக மிஞ்சிப்போனதால் புதியவை மலிவு; உண்மையாகவே தபாலில் சென்றவை அரிது. எனவே மலிவான தலைமீது போலி முத்திரை குத்தி விற்பவர்கள் உண்டு. முத்திரையின் தேதியைக் கட்டணப் பட்டியலோடு ஒப்பிடுவது முதல் சோதனை. விலை அதிகமென்றால் நிபுணரின் சான்று இல்லாமல் வாங்கக் கூடாது.

நீர்க்குறியையும் பார்க்க வேண்டும். ஒரே படமுள்ள தலை சாய்சதுரக் குறியுள்ள தாளிலும், பின்னர் வலைபோன்ற குறியுள்ள தாளிலும் வந்ததுண்டு; மதிப்போ வெவ்வேறு. தலையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்துப் பெட்ரோலிய பென்சைன் சில துளிகள் விடுவார்கள். (நச்சுத்தன்மை மிக்க பென்சீன் வேறு, இது வேறு.) தாள் வெண்மையாகத் தெரியக் காரணம், இழைகளுக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வேறுபடுவதால் ஒளி சிதறுவதே. காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்ததும் அவ்வேறுபாடு குறைகிறது. தாள் ஒளி ஊடுருவுவதாகிறது. நீர்க்குறி உள்ள மெல்லிய இடங்களில் சிதறல் இன்னும் குறைவு. அடியிலுள்ள கறுப்பு அங்கே தெளிவாகத் தெரியும். திரவம் ஆவியானதும் தலை பழைய நிலைக்கு வந்துவிடும். பென்சைன் எளிதில் தீப்பற்றும். விளக்கு, அடுப்பின் அருகே இதைச் செய்யாதீர்கள்.